நாகஜோதி பேரை மாற்ற விடவில்லை

1

வேட்டி வாங்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்ட கதை இது. அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் வேட்டியை விரித்துக் காட்டிய நாகஜோதி, நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "எம்பிள்ளைக்கு நடந்தத எழுதுவீகளா சார்?" என்றார். எழுதுகிறேன், பெயர்களை மட்டும் மாற்றிவிடுவேன் என்றேன், ரொம்பப் பெரிய மனுஷனாட்டம்.

2

தொடக்கம் ஒன்று: திருச்சுழிக்குப் போகும் சாலையில், சீமைக்கருவேல மரங்களின் ஊடே...

வேண்டாம். பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது மரத்தை வர்ணிக்கிறவனை உதைக்க வேண்டும்.

தொடக்கம் இரண்டு: மலர்விழிக்கு எட்டு வயது. ஆஸ்துமா. தெருவில் யாருக்கும் அது தெரியக்கூடாது என்று அம்மா பம்பை* பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவள்.

(* மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சுகிற இன்ஹேலர். பழகினால் விடவே முடியாது என்று ஊரில் ஒரு பேச்சு. சுத்தப் பொய்.)

3

சனிக்கிழமை. அம்மா கடையில். பிள்ளை, பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் முத்துமாரியம்மாள் பொறுப்பில். ஊருக்கு வெளியே மாரிச்சாமி கரிமூட்டம் போட்டிருந்தார். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, எரித்துக் கரியாக்குவது. காற்று திரும்பிப் புகை தெருவுக்குள் வந்தது. பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்தது.

தின்ற முறுக்கு தொண்டையில் சிக்கிவிட்டதென்று நினைத்து முதுகில் தட்டினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். படுக்க வைத்தார்கள். எல்லாம் பாசத்தில்தான். ஒன்றும் உதவவில்லை.

முத்துமாரியம்மாளுக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச்சு கேட்கும். தெருவே சுற்றி நின்றது.

"ஏத்தா, பிள்ளைக்கு இழுக்குதுத்தா! என்ன செய்ய?"

அம்மா உடனே கத்தினார்: "பம்பு பீரோவுல இருக்கு!"

4

இங்கே வரைக்கும் வாசித்துக் காட்டினேன். நாகஜோதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொய்யி சார். 'ஸ்பீக்கர அமத்துங்க மதினி'ன்னேன். அதான் மொதல்ல என் வாயில வந்துச்சு. எம்பிள்ளை இழுக்குற சத்தம் கேக்குது, நான் ஸ்பீக்கர அமத்தச் சொல்றேன்."

"அதை விட்டுடலாமே. படிக்கிறவங்க உங்களத் தப்பா..."

"நெனைக்கட்டும். 'ஸ்பீக்கரு கெடக்கட்டும், பிள்ளைக்கு என்னன்னு சொல்லுடி'ன்னு மதினி வஞ்சாக. அப்புறந்தான் சொன்னேன். பீரோவ ஒடச்சு எடுத்தாக, பிள்ளை தானே உறிஞ்சுச்சு, இழுப்பு அடங்குச்சு. எழுதுங்க. அது என்ன மலர்விழி? எம்பிள்ளை பேரு அனுசியா. ஒளிச்சதெல்லாம் போதும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் செய்து வைத்திருந்த நல்ல அம்மாவை அவரே வந்து கலைத்துப் போட்டுவிட்டார். ஆனால் மலர்விழியை அடித்துவிட்டு அனுசியா என்று எழுதினேன்.

5

அடுத்த வாரம் சுகாதார நிலையத்து நர்சம்மா பெட்டிக்கடை வாசலில் தெருக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். படுக்க வைக்காதே, நிமிர்த்தி உட்கார வை. பம்பைக் குலுக்கு. மருந்து எடுத்தும் அடங்கவில்லையென்றால் 108.

அப்போது அதே தெருவில் குடியிருக்கும் கனகலட்சுமி எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, தன் மகனின் பம்பை எல்லோர் முன்னாலும் வைத்தார். அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் நின்றவர் அவர். அதே நீலப் பம்பு, பத்தடி தூரத்தில் அவர் வீட்டுப் பீரோவில் இருந்திருக்கிறது. அவரும் வாயைத் திறக்கவில்லை.

நாகஜோதி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாமளும் ஒளிச்சவ, எப்படிக் கேக்கன்னு இருந்துச்சாத்தா?" என்று முத்துமாரியம்மாள் பிறகு நாகஜோதியிடம் கேட்டாராம்.

இப்போது மாரிச்சாமி மூட்டத்தைப் பற்ற வைக்குமுன் முத்துமாரியம்மாளுக்குப் போன் போடுகிறார். "ஏலே, காத்து எந்தப் பக்கம்?" என்று தெருவே கேட்கிறது.

6

முடிவு? அனுசியா ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பதாக ஒன்று எழுதிக் கிழித்தேன். இன்னொன்றில் நோயே பறந்துவிட்டது, அதையும் கிழித்தேன்.

நாகஜோதி சொன்னார்: "நான் கடையில இருப்பேன். மதினி ஒரு விசேஷத்துக்குப் போயிருப்பாக. அப்ப எம்பிள்ளை பக்கத்துல யாரு நிப்பாகன்னு தெரியாது சார். அவுகளுக்காகத்தான் எழுதச் சொன்னேன்."

ஆகவே, ஒரு பஸ் நிறுத்தம். ஒரு பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேச முடியவில்லை. பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். அவள் பெயர் அனுசியா. பம்பு பள்ளிப்பையின் முன் ஜிப்பில் இருக்கிறது.

திறந்து கொடுங்கள்.