எண்பது புளியங்கொட்டை

என் வீட்டுக்காரர் சரவணன் பேஸ் கிடார் செய்கிறார் என்ற செய்தி முள்ளிப்பட்டு முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியவரும் அவர்தான். வாரமெல்லாம் பட்டுத்தறி, சனி, ஞாயிறு ஆரணி குப்புராஜ் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் வாசிப்பு, அதுவும் இரவல் கிடாரில். தொண்ணூற்றொன்பதில் இரவல் கொடுத்தவர் திரும்பக் கேட்டுவிட்டார். இவர் ரோஷத்தோடு ஒரு பலாப்பலகையை வாங்கி வந்து அறுக்க ஆரம்பித்தார்.

உடம்பும் கழுத்தும் அவர் வேலை. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் என் வேலையானது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை எட்டாயிரம் சுற்று சுற்ற வேண்டும். அவர் கையில் நாலு முறை அறுந்தது. "தள்ளுங்க" என்று வாங்கி, தறிக்குத் தார்க்குழலில் பட்டு இழை சுற்றும் ராட்டையில் ஏற்றினேன். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தேன். எண்பது கொட்டை சேர்ந்தபோது எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, பொய் சொல்வானேன்.

ஒத்திகையில் மாட்டினால் சத்தமே வரவில்லை.

"நாளைக்கு சாயந்தரம் கச்சேரி. எதுக்கும் வேலூர்லேர்ந்து ஒருத்தர வரச் சொல்லிடறேன்" என்றார் குப்புராஜ். "தறி வேற, கிடார் வேற சரவணா."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

"உள்ள எங்கியோ கம்பி அறுந்துகீது, லதா."

"அறுந்துது, ரெண்டு வாட்டி. ரெண்டு வாட்டியும் முடிச்சு போட்டுட்டேன். தேடினாலும் தெரியாது, பாருங்க."

"முடிச்சா?" அவர் என்னையே பார்த்தார். "கம்பி மேல வார்னிஷ் பூசிகீது. வார்னிஷும் வார்னிஷும் சேர்ந்தா கரண்டு எப்படிம்மா போவும்?"

பட்டு இழை அறுந்தால் முடிச்சு போடும் விரல்கள் என்னைக் கேட்காமலே போட்டுவிட்டன. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர் திட்டாமல் உட்கார்ந்திருந்ததுதான் தாங்கவில்லை.

"வேற கம்பி மெட்ராஸ்லதான் கிடைக்கும். நேரம் இல்ல."

"எதுக்கு வேற கம்பி? முப்பத்தோராவது கொட்டைல ஒண்ணு, அறுபத்தாறாவது கொட்டைல ஒண்ணு. எனக்குத் தெரியும்."

மறுநாள் விடிந்ததும் தறியில் உட்காரவில்லை. வெளிச்சம் விழும் வாசற்படியில் ராட்டையைப் போட்டு, கம்பியைப் பின்னாலிருந்து பிரித்து ஒரு வெறும் தார்க்குழலுக்கு மாற்றினேன். அறுபத்தாறாவது கொட்டை நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். இருந்தது. அடுத்ததும் சொன்ன இடத்திலேயே இருந்தது. முடிச்சை வெட்டி, உப்புத்தாளால் வார்னிஷை மெல்லத் தேய்த்து எடுத்து, முனைகளை முறுக்கிப் பிடித்தேன். அவர் ஈயப்பற்று வைத்தார். ஒட்டு வேறெங்கும் தொடாமலிருக்க என் நகப்பாலிஷை ஒரு சொட்டு விட்டேன். மறுபடி காந்தத்தின் மேல் சுற்றி எண்பதாவது கொட்டை வரை முடித்தேன். மத்தியானம் மீட்டரின் முள் துள்ளியபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயந்தரம் இவர் வாசித்த முதல் பாட்டிலேயே மேடைப் பலகை அதிர்ந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளங்கால் வரைக்கும் அந்த அதிர்வு வந்தது. குப்புராஜ் பாடுவதை விட்டுவிட்டு ஒரு கணம் இவரைத் திரும்பிப் பார்த்தார்.

கச்சேரி முடிந்ததும், வாசிக்க வேலையில்லாமல் கீழே நின்றிருந்த வேலூர்க்காரர்தான் முதலில் வந்தார்.

"பிக்கப் எங்க வாங்கினீங்க?"

இவர் குப்புராஜின் முன்னாலேயே என்னைக் காட்டினார். வேலூர்க்காரர் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு சுத்திக் குடுப்பீங்களா?"

"கம்பி மட்டும் கொண்டாங்க" என்றேன். "புளியங்கொட்டை எங்க வீட்ல கீது."