கேமராவுக்குத் தெரியாத டீச்சர்

தெலுங்கு ஊரான மல்காஜ்கிரியில் ஞானசௌந்தரி டீச்சர் தனியாக இருந்தார். மாடியில் குடியிருந்த நூர் முகமதுவைச் சேர்த்துக்கொண்டால் தனி என்று சொல்ல முடியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் இவான் சேர்த்துக்கொள்ளவில்லை. அவனுடைய அப்பா தனசிங், ரயில்வேயில் இருந்தவர், குளியலறையில் விழுந்து தாழிட்ட கதவுக்குப் பின்னால் இறந்துபோனார். டீச்சர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார். இவான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு மூடிய கதவு என்றாலே ஆகாது.

குளிர் விட்ட சமயத்தில் வந்தவன் வாசற்கதவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினான். பேட்டரியில் ஓடுவது. ஆள் நடமாடினால் அதுவே விழித்துக்கொண்டு படம் பிடித்து அவன் போனுக்கு அனுப்பிவிடும்.

“திருடனப் பாக்கவா, என்னப் பாக்கவா?” என்று டீச்சர் கேட்டார்.

“சேஃப்டிக்கு மம்மி.”

“அப்ப எனக்குத்தான்.”

கேமரா ஒழுங்காக வேலை செய்தது. டீச்சர் காய் வாங்கப் போனாலும், சர்ச்சுக்குப் போனாலும் இவானுக்குத் தெரிந்தது. தெரிந்துவிட்டதால் அவன் போன் செய்வது குறைந்தது. முன்பெல்லாம் தினமும் கூப்பிடுவான். இப்போது வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, “நேத்து அந்தப் புது சேல நல்லா இருந்துச்சு மம்மி” என்பான்.

பிறகு மே மாதம் வந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் இவான் ஆபீஸிலிருந்து போனைப் பார்த்தான். காலையில் பால்காரர் வந்தது இருந்தது. அதற்குப் பிறகு தெருவில் ஸ்கூட்டர், ஆட்டோ, மறுபடி ஸ்கூட்டர். அம்மா இல்லை. கூப்பிட்டான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். நேரலையைத் திறந்தால் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நூர் முகமதுவைக் கூப்பிட்டான்.

நூருக்கு ஊர் மேலப்பாளையம். சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பது அவன் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தான். கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினான். பதில் இல்லை. அது சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. ஆள் உள்ளே இருந்தாலும் வெளியே போயிருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். காதை வைத்துக் கேட்டான்.

“உள்ள கூலர் ஓடுது இவான். போன் அடிக்கிறதும் கேக்குது.”

“மம்மி வெளிய போகல. போயிருந்தா கேமராவுல வந்திருக்கும்.” இவானின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “கதவ உடைச்சிருங்க.”

“இது தேக்குக் கதவு…”

“உடைங்க நூர்.”

நூர் தெருமுனையிலிருந்து கார்பென்டரை அழைத்து வந்தான். அவர் கதவைத் தடவிப் பார்த்து, நல்ல மரம் என்று தெலுங்கில் வருத்தப்பட்டுவிட்டு உளியை வைத்தார். பூட்டைச் சுற்றி மரம் பிளந்து வரும்போது கேட் திறந்தது. குடையும் பைபிளுமாக ஞானசௌந்தரி டீச்சர் நேராக நடந்து வந்தார். வந்து, இவர்கள் இருவருக்கும் பின்னால் நின்றார்.

“என்ன செய்றீங்க?”

நூர் திரும்பிப் பார்த்தான். “உங்களக் காப்பாத்துறோம் ஆன்ட்டி.”

“ஹவ், அப்படியா,” என்றார் டீச்சர், அந்த ஊர் உருதுவில். “கைக்கு? எதுக்கு?”

கார்பென்டர், மேற்கொண்டு உடைக்கவா வேண்டாமா என்று கேட்டார்.

நூர் போனைக் காதில் வைத்தான். “இவான், ஆன்ட்டி வந்துட்டாங்க.”

“வரலையே,” என்றான் இவான். “கேமராவுல ஒண்ணும் வரலையே.”

“எம்பக்கத்துல நிக்காங்க.”

“எப்படி நிப்பாங்க? போகவே இல்லையே.”

டீச்சர் போனை வாங்கினார். “இவான், சர்ச்சுல பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். போன மறந்து வச்சிட்டேன். கூலரயும் நிறுத்தல. கரண்ட் பில்லு கூட வரும், அவ்வளவுதான்.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இவான் சின்னப் பையனாக இருந்தபோது அழுகையை அடக்க இப்படித்தான் மூச்சு விடுவான். கதவைப் பற்றிச் சொல்ல டீச்சரிடம் நிறைய இருந்தது.

“நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்றார். “பெறவு பேசு. மொகத்தக் கழுவிட்டு வேலையப் பாரு.”

மறுநாள் மத்தியானம் நூர் கேமராவைச் சோதிக்க ஆரம்பித்தான். அவன் போனிலும் கேமராவுக்கான ஆப்பைப் போட இவான் அனுமதி கொடுத்திருந்தான். அதில் கேமராவின் உணர்திறனைக் கடைசி அளவுக்கு ஏற்றினான். லென்ஸைத் துணியால் துடைத்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு டீச்சர் கேட்டிலிருந்து கதவுவரை நடந்தார். கேமரா கண்டுகொள்ளவில்லை. தெருவில் ஸ்கூட்டர் போனால் மட்டும் நூரின் போன் சத்தம் கொடுத்தது.

“முப்பது வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன்,” என்றார் டீச்சர். “நான் உள்ள வந்தா எவனும் கவனிக்காம இருந்ததில்ல.”

“ஸ்கூட்டர் தெரியுது, நீங்க தெரியல. இன்ஜின் சூடுதான் காரணமோ என்னமோ. ஆன்ட்டி, அடுப்புல ஏதாவது இருக்கா?”

டீச்சர் உள்ளே போய், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குக்கரைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தார். அதை ஏந்தியபடி வாசலில் குறுக்கே நடந்தார். நூரின் போன் அடித்தது. ‘ஆள் நடமாட்டம்’ என்று காட்டியது.

“குக்கரோட போனாத்தான் நான் ஆளா?”

நூர் விளக்கினான். கேமராவை எழுப்புவது உடம்புச் சூடு. மே மாதத்து மத்தியானம் வெளியிலும் அதே சூடு என்பதால் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதோடு, குறுக்கே போகிறவர்களைச் சட்டென்று பிடிக்கும். நேராக வருகிறவர்களைச் சரியாகப் பிடிக்காது. டீச்சர் வீட்டு வாசலோ கேட்டிலிருந்து கதவுக்கு நேர்கோடு.

சாயங்காலம் அவன் கேமராவைக் கழற்றி, பக்கத்துச் சுவரில் நடைபாதையைக் குறுக்கே பார்க்கும்படி மாட்டினான். டீச்சர் நடந்தார். போன் அடித்தது. திரும்பி நடந்தார். மறுபடி அடித்தது. அடுத்த நாள் உச்சி வெயிலில் நடந்தபோது ஒருதரம் அடித்தது, ஒருதரம் அடிக்கவில்லை.

“இதுக்கு மேல இதுல முடியாது,” என்று நூர் இவானிடம் சொன்னான். இவான் வயர் வைத்த வேறு கேமரா வாங்குவதாகச் சொன்னான். வீட்டுக்குள்ளும் இரண்டு வைக்கலாம் என்றான்.

டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். “நக்கோ, வேண்டாம். கேளு. புதுப் பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு நூர்ட்ட இருக்கும். உனக்குப் பயமா இருந்தா அவன் தொறந்து பாப்பான். உடைக்க மாட்டான். நான் வெளிய போனா போனக் கையில எடுத்துட்டுப் போவேன்.”

“சரி மம்மி.”

“அப்பாவுக்கு அன்னைக்கு கேமரா இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது இவான். பாத்ரூம்ல யாரும் கேமரா வைக்க மாட்டாங்க.”

இருவரும் அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை. “தெரியும்,” என்றான் இவான்.

கதவில் பிளந்த இடத்தைக் கார்பென்டர் வேறு மரத்தால் ஒட்டுப் போட்டார். நிறம் சேரவில்லை. பரவாயில்லை என்று டீச்சர் விட்டுவிட்டார். மழை தொடங்கி வெயில் தணிந்ததும் கேமரா எல்லோரையும் பிடித்தது. பால்காரரை, நூரை, நூரைப் பார்க்க வந்தவர்களை. வந்து குவிந்த படங்களைப் பார்க்க முடியாமல் இவான் அந்தச் சத்தத்தை அணைத்து வைத்தான்.

பிறகு ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டான்.

“மம்மி, எங்க இருக்கீங்க?”

“வீட்ல.”

“என்ன பண்றீங்க?”

“உங்கூடப் பேசிட்டிருக்கேன்.”

அதற்கு மேல் கேட்க அவனிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போனை வைக்கவில்லை. டீச்சரும் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கத்திரிக்காய் நறுக்க ஆரம்பித்தார்.