அத்தானின் கார்

1

ஐம்பத்தொரு மணி நேரத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் இது நடந்தது. அப்போது நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கூட்டத்தில் பேச எனக்கு வராது. நான்கு பேர் இருந்தாலே எனக்கு அது கூட்டம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் இருண்டு கிடந்த ஒரு மாலையில் அவள் —"

இருளவில்லை. காலை பத்து மணி, நல்ல வெயில்.

இரண்டாவது தொடக்கம்: "அக்கா ஒரு கார் வைத்திருந்தாள்." இதை எழுதிய கையோடு அடித்துவிட்டேன். ஏன் என்று கதை முடியும்போது தெரியும்.

2

மூன்றாவது தொடக்கம்.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, கெடுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பஸ்ஸில் முடியாது. கார் இல்லை என்றால் அந்த வேலை இல்லை.

அத்தான் அந்தக் காரை விற்க முடிவு செய்திருந்தார். நண்பரோடு சேர்ந்து ஒரு வேன் வாங்கி வாடகைக்கு விடும் யோசனை. அக்காவிடம் கேட்கவில்லை. சாப்பிடும்போது சொன்னார், அவ்வளவுதான்.

"நாளைக்கு ஒருத்தர் கார் பார்க்க வர்றாரு. உன் டப்பாவெல்லாம் உள்ளேருந்து எடுத்து வெச்சிடு."

அக்கா எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். (இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். வரைவைப் படித்துவிட்டு அவளே அடித்தாள். "நான் எங்கடி அழுதேன்? தட்டுல ஒட்டிக்கிட்டிருந்ததைச் சுரண்டிட்டிருந்தேன்.")

3

ஒரு சந்தேகம். அத்தானைக் கெட்டவராக எழுதுகிறேனோ?

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கடை கடையாக ஏறி இறங்கி மருந்து வாங்கி வந்தவர். ஆனால் ஆணியில் தொங்கும் சாவியை யார் உரிமையோடு எடுக்கிறாரோ, கார் அவருடையது என்று நம்புகிறார். அலுவலகம், வரிசை என்றால் மட்டும் அவருக்கு வேப்பங்காய்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இந்தக் காரைப் பழையதாக வாங்கினார்கள், இரண்டு பேர் சம்பளத்திலும். விற்றவர் தன் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விற்பனைத் தாளைக் கொடுத்துவிட்டார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அத்தான் அதை அப்படியே அக்காவிடம் நீட்டினார். பெயர் மாற்றுவதை அவளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், தனக்கு நிற்கப் பொறுமை கிடையாது என்றார். அக்கா லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது.*

* கவுண்டரில் கேட்ட கேள்வியும் அக்கா சொன்ன பதிலும் இந்த அடிக்குறிப்பில் வந்திருக்க வேண்டும். அக்கா ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. நான் சில பத்திகளாவது பொறுக்க வேண்டாமா?

அதன்பின் பதிவுப் புத்தகம் காருக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் அக்கா பொறுப்பு. அத்தான் அந்த உறையைத் திறந்ததே இல்லை.

நான் படித்தது இயற்பியல். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு எடை, என்ன வேகம், எல்லாவற்றையும் அளக்கலாம். அது யாருடையது என்பதை எந்தக் கருவியும் காட்டாது. தாள்தான் காட்டும். சாவி வைத்திருப்பவர் ஓட்டலாம். விற்பதற்குத் தாளில் பெயர் இருக்க வேண்டும்.

4

மறுநாள் கார் பார்க்க ஒரு தரகர் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவை இரண்டு முறை சாத்திப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறது என்றார். அத்தான் தன்னையே பாராட்டியதுபோலச் சிரித்தார்.

கூடத்தில் உட்கார்ந்ததும் தரகர் கேட்டார். "ஓனர் நீங்கதானே சார்?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா? ஏம்மா, அந்தப் புக்கை எடுத்துட்டு வா."

அக்கா எடுத்து வந்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

5

முடிவுகள்.

ஒன்று: தரகர் புத்தகத்தை வாங்கிப் பிரிக்கிறார், அவர் முகம் மாறுகிறது. நாடகமாக நன்றாக இருக்கும். ஆனால் அது தரகரின் கதையாகிவிடும்.

இரண்டு: வீட்டு நிம்மதிக்காக அக்கா பேனாவை வாங்கி — இதை நான் முடிக்க மாட்டேன்.

மூன்று: நான் பேசுகிறேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.

அக்கா பேசிய பிறகு அத்தான் என்ன செய்தார் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். முறைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம், அசடு வழிந்தார் என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் இதை எழுதும்போது கார் வாசலில் இல்லை. அக்கா குளிர்பெட்டியோடு வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். ஆணி காலியாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு இலேசாகிறது.

பாக்கி இருப்பது அவள் சொன்னது மட்டும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஊசி குத்தும்போது நோயாளிகளிடம் பேசுகிற குரல் அது.

"ஏங்க, அன்னைக்குக் கவுண்டர்ல யார் பேருக்குன்னு கேட்டாங்க. வெயில்ல நின்னது நான். என் பேரைச் சொன்னேன். கார் என்னோடது. நான் விக்கல."