துருவுக்கு எதிரான வழக்கு

சீட்டைப் பிரித்ததும் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. ‘எதிர்’ என்று எழுதியிருந்தது.

“மறுபடி குலுக்குங்க.”

“அதெல்லாம் ஆகாது. விழுந்தது விழுந்ததுதான்,” என்றார் வக்கீல்.

வக்கீல் என்பது பட்டப்பெயர். மனிதர் பார்த்தது முடிதிருத்தும் வேலை. கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, கையில் கத்தியோடு இருபது வருடமாக வாதாடி வந்தவர். எதிர்த்துப் பேசினால் காதுக்கு ஆபத்து என்பதால், அவர் கடையில் எந்த வழக்கிலும் அவர் தோற்றதில்லை.

இந்த வழக்கு நடந்தது அவர் கடையில் அல்ல, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. கண் பரிசோதனை அட்டையைக் கழற்றி வைத்துவிட்டால் பின்னால் நல்ல வெள்ளைச் சுவர். அதில்தான் காலை பத்து மணிக்கு ‘வானக் காவல்’ ஓடும். பார்க்க வருகிறவர்கள் நான்கு பேர்: கடைக்காரர், வக்கீல், பேருந்து நடத்துநராக இருந்த ஒரு பெண், அப்புறம் அக்கா. நான்கு பேர் வயதையும் கூட்டினால் நூற்றெழுபதைத் தாண்டும். பார்ப்பதோ பொம்மைப் படம்.

பார்த்து முடித்ததும் சீட்டுக் குலுக்குவார்கள். ஒருவர் வில்லனுக்காக வாதாட வேண்டும், ஒருவர் எதிராக. மற்ற இருவர் தீர்ப்புச் சொல்வார்கள். ஒரே ஒரு சட்டம் உண்டு: சொந்தக் கதை பேசக் கூடாது. பேசினால் அடுத்த வாரம் கடைக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். வக்கீல் ஒருநாள் வில்லனைப் பற்றிப் பேச எழுந்து, முக்கால் மணிநேரம் தன் மாமனாரைப் பற்றிப் பேசினார். தண்டனை மாமனாருக்குக் கிடைத்தது, வில்லன் தப்பித்துவிட்டான். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. போட்டவன் அக்காவின் தம்பி.

தம்பிக்கு அங்கே ‘நிறுத்து’ என்று பெயர். படம் ஓடும்போது பாதியில் கையைத் தூக்கி, “நிறுத்து! போன காட்சியில காயம் இடது கையில. இப்ப வலது கைக்கு எப்படி வந்துச்சு?” என்பான். எல்லோரும் எழுந்து சுவரோரம் போய்ப் பார்ப்பார்கள். காயம் கை மாறித்தான் இருக்கும். அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். மேலட்டையில் துருவின் படம்.

துருதான் அந்த வில்லன். முன்பு பாலம் கட்டும் மேஸ்திரி. மட்டமான இரும்பில் கட்டிய பாலம் இடிந்து மகளைப் பறிகொடுத்தவன். அதற்குப் பிறகு அவன் எந்த இரும்பைத் தொட்டாலும் அது துருப்பிடித்து உதிர்ந்துவிடும். தப்பித்துக்கொண்ட குற்றவாளிகளைத் தேடிப் போய்த் தொடுவான். கதாநாயகி வெண்சிறகு ஒவ்வொரு வாரமும் பறந்து வந்து அந்தக் குற்றவாளிகளைக் காப்பாற்றுவாள்.

“அந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்லையாடா?” என்று அக்கா வீட்டில் கேலி செய்வாள். “மீசை நரைக்கிற வயசுல பொம்மைப் படம்!”

“நரைச்சா சாயம் அடிச்சுக்குறேன். நீ ஒரு வாரம் வந்து பாரு.”

அவள் போகவில்லை. பதினோரு மாதத்துக்கு முன்னால் மெத்தைக் கிடங்கில் தீப்பிடித்தது. முன்வாசல் அருகே இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். தம்பி பின்வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின், அவன் பையில் கிடந்த படக்கருவியின் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கடைக்கு முதல்முறை வந்தாள். அவன் நாற்காலி எது என்று கேட்டாள். காட்டினார்கள். உட்கார்ந்தாள். அதன்பின் எந்த ஞாயிறும் தவறவில்லை.

அன்றைக்கு அவள் மடியிலிருந்த பையில் ஒரு தாள் இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய வாக்குமூலம். கிடங்கு நிர்வாகம் தட்டச்சு செய்து அனுப்பியது. பின்கதவு திறந்தே இருந்தது. இறந்தவர் வெளியே வந்தபின் தன் கைபேசியை எடுக்கத் தானாக உள்ளே திரும்பினார். குடும்பத்தார் இதை ஏற்றுக்கொள்கிறோம். இதுதான் சாரம். கையெழுத்துப் போட்டால் விசாரணை முடிந்துவிடும்.

“போட்டுட்டு வாம்மா,” என்று அம்மா காலையில்கூடச் சொன்னாள். “அவன் என்ன திரும்பியா வரப்போறான்? எனக்கு இனிமே அந்த ஆபீஸ் வாசப்படி ஏற முடியாது.”

அன்றைய படத்தில் ஓர் ஆலை முதலாளி. உள்ளே ஆட்களை வைத்துப் பூட்டிவிட்டுப் போனவன்; ஆலை எரிந்தும் தண்டனை இல்லாமல் தப்பியவன். எரிந்த ஆலையைப் பார்க்க அவன் வந்த நாளில் துரு போனான். வாசலில் தொங்கிய பூட்டை முதலில் தொட்டான். பூட்டு, கதவு, தூண், கூரை என்று எல்லாம் பழுப்புப் பொடியாகக் கொட்டியது. இடுப்புவரை பொடியில் புதைந்த முதலாளி கதறினான். வெண்சிறகு வந்து அவனைத் தூக்கி நிறுத்தி, தூசி தட்டிவிட்டு, துருவை ஆற்றில் வீசினாள். படம் முடிந்தது.

‘சார்பு’ சீட்டு நடத்துநருக்கு விழுந்தது. அவளுக்கு ‘விசில்’ என்று பேர். பேருந்தில் விசில் தொலைந்த நாளிலும் அவள் குரலுக்கே ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார்.

“யாரு வில்லன்? எனக்கு மொதல்ல அதைச் சொல்லுங்க,” என்று ஆரம்பித்தாள். “பூட்டினவன் கோட்டுப் போட்டுக்கிட்டு சுத்துறான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஆத்துல கெடக்குறான். இவ றெக்கையை விரிச்சுக்கிட்டு ஈன்னு சிரிக்கிறா. ஆலை எரிஞ்சப்ப இவ எங்க போனா? றெக்கையைத் துவைச்சுக் காயப்போட்டிருந்தாளா?”

“கேள்வி கேக்கக் கூடாது, வாதம் பண்ணணும்,” என்றார் வக்கீல்.

“நீங்க வாயை மூடுங்கண்ணே. இது உங்க சலூன் இல்ல. உள்ள கத்தினதைக் கேட்டவங்க யாரும் கதவைத் தெறக்கல, அவன் தெறந்தான். அவ்வளவுதான் என் வாதம். அவன் ஹீரோ.”

கடைக்காரர் மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தார். “முடியலைன்னா விட்டுரலாம்மா.”

“முடியும்ணா.”

எழுந்து நின்றாள். பதினோரு மாதமாக, அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் மேசையிலும் குளியலறையிலும், அவளுக்கு வேண்டியிருந்தது துருவின் கைகள்தான். கிடங்கு மேலாளரின் காரை, நாற்காலியை, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைக்கூட அவள் மனத்துக்குள் தொட்டுப் பொடியாக்கியிருந்தாள். அவனுக்கு எதிராக எதைச் சொல்வது?

“சட்டத்தை யாரும் கையில எடுத்துக்கக் கூடாது,” என்றாள்.

“அய்யய்ய, பள்ளிக்கூடக் கட்டுரை!” என்றாள் விசில்.

அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ரிமோட்டை வாங்கிப் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். ஆலை வாசல் வந்தது. துரு கையை நீட்டினான்.

“நிறுத்து!” என்றாள், ரிமோட் தன் கையில்தான் இருக்கிறது என்பதை மறந்து.

அந்தச் சொல்லை அங்கே தம்பியைத் தவிர வேறு யாரும் அதுவரை சொன்னதில்லை. அவளே பொத்தானை அழுத்தினாள். பூட்டின் மேல் துருவின் விரல்கள் நின்றன.

“இதைப் பாருங்க. ஆலை எரிஞ்சு போச்சு. சாட்சியா மிச்சம் இருந்தது இந்தப் பூட்டு ஒண்ணுதான். ஆளுங்களை உள்ள வெச்சுப் பூட்டினான்னு சொல்ல வேற என்ன இருக்கு? வந்ததும் அதைத்தான் தொடுறான். பொடியாப் போச்சு. நாளைக்கு முதலாளி வந்து, கதவு திறந்தேதான் இருந்துச்சுன்னு சொன்னா நீங்க எதைக் காட்டுவீங்க?” குரல் ஏறியது. “அவன் கோவம் நியாயம். எனக்கும் அந்தக் கோவம் இருக்கு. ஆனா அவன் ஒவ்வொரு வாரமும் சாட்சியைத் தின்னுட்டுப் போறான். அதனாலதான் ஒவ்வொரு வாரமும் இன்னொருத்தன் தப்பிக்கிறான். முதலாளிக்கு இவனைவிட நல்ல வேலைக்காரன் கிடைக்க மாட்டான். எனக்குப் பூட்டு வேணும். பொடி வேண்டாம். என் தம்பி செத்த கதவுல பூட்டு இருந்துச்சு.”

சொல்லி முடித்தபின்தான் சட்டத்தை மீறிவிட்டது புரிந்தது.

வக்கீல் வாயைத் திறந்தார். விசில் அவர் காலை மிதித்தாள்.

“அப்படின்னு யாரு சொன்னா?” என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“பின்கதவுல வெளியில பூட்டுவாங்கன்னு அவனே சொல்லியிருக்கான். மெத்தை திருடு போகுதாம். கூட வேலை பார்த்தவங்க இப்ப யாரும் வாயைத் திறக்கல.” பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள்.

விசில் வாங்கிப் பார்த்தாள். “என்னக்கா, தாள் பூரா சிவப்பா இருக்கு?”

அக்காவுக்கு வெட்கமாகப் போனது. கையில் அச்சடித்த எதைக் கொடுத்தாலும் பேனா எடுப்பது அவள் தொழில். தம்பி மேல் பழி போட்ட அந்த வாக்குமூலத்தில் ஒற்றுப்பிழை ஒன்பது, கால்புள்ளி நான்கு, ‘தானாகவே’யில் ஓர் எழுத்துப் பிழை என்று எல்லாவற்றையும் திருத்தி வைத்திருந்தாள். பதினோரு முறை படித்திருந்தாள். பொய்யை நல்ல தமிழில் ஆக்கிக் கொடுத்திருந்தாள்.

“பின்னால ஒரு ஃபோட்டோ குத்தியிருக்கு,” என்றார் வக்கீல்.

“அதை நான் பார்க்கல. பார்க்க முடியல.”

“நாங்க பார்க்கலாமா?”

சரி என்று தலையை ஆட்டினாள்.

கடைக்காரர் அதைக் கைபேசியில் படம்பிடித்து, துரு நின்ற இடத்தில் பெரிதாக விழ வைத்தார். தீ அணைந்த அன்றே எடுத்தது என்று கீழே தேதி இருந்தது. வெளிப்பக்கமாகத் திறந்து கிடந்த கதவு. சுற்றிலும் புகைக் கரி. நால்வரில் மூவர் எழுந்து, வழக்கம்போலச் சுவரோரம் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா நாற்காலியிலேயே இருந்தாள்.

“நிறுத்து,” என்றார் வக்கீல் தணிந்த குரலில். ஓடாத படத்துக்கு அவர் அதைச் சொன்னது யாருக்கும் சிரிப்பு மூட்டவில்லை. “கதவு ஓரத்துல பாருங்க. கரி எல்லா எடத்துலயும் இருக்கு, இங்க மட்டும் ஒரு பட்டை அளவுக்கு இல்ல. நாலு விரல் நீளம்.”

“எதுவோ மறைச்சிருக்கு,” என்றார் கடைக்காரர்.

“கொண்டி,” என்றாள் விசில். “பூட்டு மாட்டுற கொண்டி. பழைய பஸ் டிப்போவுல எங்க டிக்கெட் பெட்டி ரூமுக்கு இருந்தது இதே நீளம்தான்.”

“சொந்தக் கதை,” என்றார் வக்கீல், வாய்ப் பழக்கத்தில்.

“நிலைச் சட்டத்தைப் பாருங்க, நிலையை!” கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். “கதவுல இருக்கிற அதே உயரத்துல நிலையிலயும் கரி இல்லாத துண்டு. ரெண்டையும் சேர்த்தா ஒரே பட்டை. புகை படியும்போது கொண்டி ரெண்டுக்கும் குறுக்க கெடந்திருக்கு. அப்ப கதவு சாத்தியிருக்கு, பூட்டியிருக்கு. அப்புறம் கழட்டிட்டு ஃபோட்டோ எடுத்திருக்காங்க.”

அக்கா எழுந்து வந்தாள். தம்பி நின்று பார்க்கும் இடத்தில் நின்றாள். சுவரில் இரண்டு வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. அவற்றின் மேல் கையை வைத்தாள். படத்தின் வெளிச்சம் அவள் விரல்களில் பழுப்பாக விழுந்தது. எதுவும் உதிரவில்லை.

மறுநாள் விசாரணை அறையில் அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கிடங்கு மேலாளர் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

“கையெழுத்துப் போடுற இடம் கீழ இருக்கும்மா,” என்றார் அதிகாரி.

அக்கா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். ‘பின்கதவு திறந்தே இருந்தது’ என்ற வரியை ஒரே கோடாக அடித்தாள். அச்சகத்தில் நீக்கச் சொல்லிப் போடும் சுழியை ஓரத்தில் போட்டாள். மேலாளரின் கால் கீழே இறங்கியது.

“சார், இது ஆபீஸ் தாள். கிறுக்க விடாதீங்க!”

“கிறுக்கல சார், திருத்துறேன்.” புகைப்படத்தைத் திருப்பி வைத்து, இரண்டு வெள்ளைத் துண்டுகளையும் வட்டமிட்டு, ஏன் அவை ஒரே உயரத்தில் இருக்கின்றன என்று சொன்னாள். சொல்லும்போது குரல் பிசகவில்லை.

“இதை யாரு கண்டுபிடிச்சா?” என்று மேலாளர் கேட்டார். “ஏதாவது நிபுணரா?”

“பொம்மைப் படம் பார்க்கிறவங்க.”

மேலாளர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மேசை விளக்கை இழுத்துப் படத்துக்கு நேராக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல கையெழுத்துப் போடலைன்னா விசாரணை இழுத்துக்கிட்டே போகும்மா. வருஷக்கணக்கா ஆகலாம். உங்க அம்மாவுக்கும் சிரமம்.”

“எங்க அம்மா வர மாட்டாங்க சார். நான் வர்றேன். என்னைக்குக் கூப்பிட்டாலும் வர்றேன். அந்தக் கதவை யாரும் தொடாம கொண்டுவரச் சொல்லுங்க. நிலையோட.”

அதிகாரி ஒரு புதுத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். ‘கதவைக் கைபற்றி’ என்று எழுதினார்.

“நடுவுல ப் வரும் சார். கைப்பற்றி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுத்தைச் சேர்த்தார்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “கதவை எப்போ கொண்டு வராங்களாம்?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அக்கா கண்ணாடிக் கடைக்கு வெளியே, நடைபாதையில் நின்றாள். விசில் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“உள்ள வாங்கக்கா. அதெல்லாம் தள்ளுபடி பண்ணியாச்சு.”

“யாரு பண்ணினா? அவன் போட்ட சட்டம். மாமனார் கதைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

“கால் வலிக்குமே!”

“வலிக்கட்டும். நீ போ, ஆரம்பிச்சிரும்.”

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. துரு ஆற்றிலிருந்து எழுந்து வந்துவிட்டான் என்பது வக்கீல் போட்ட கூச்சலிலேயே தெரிந்தது. தெருவில் போனவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து தம்பியின் நோட்டை எடுத்து விரித்து, அவனுடைய கடைசி வரிக்குக் கீழே இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டாள். பக்கத்தில் ‘கதவு’ என்று எழுதினாள்.