சுண்டிய தண்ணீர்

ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினோரு மணி நேரம் கழித்துத்தான் அண்ணன் குழந்தையின் உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. தண்ணீரில் நைட்ரேட் என்றார் டாக்டர். இரண்டு மாதக் குழந்தையின் ரத்தத்தில் அது கலந்தால், ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய சிவப்பணுக்கள் வெறுங்கையோடு சுற்றி வரும்.

அம்மாவுக்குத் தண்ணீர் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"காய்ச்சாம கலக்கிக் குடுத்திருக்கா, சோம்பேறி. புள்ள இனிமே என் ரூம்லதான். இவ கை படவே கூடாது. நான் வளத்த ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது, பாரு."

அண்ணன் கல் மாதிரிதான் நின்றான். அண்ணி கழுவிய பால் புட்டியையே மறுபடி கழுவினாள்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்கு போர்வெல் தண்ணீர். மதிலுக்கு அந்தப் பக்கம் உரம் கொட்டும் தோட்டம்; அந்த உரத்திலிருந்துதான் நைட்ரேட் நிலத்தடிக்கு இறங்கும். குழாயில் கொஞ்சம், குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் பிளாஸ்கில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குழாயில் அறுபத்திரண்டு. பிளாஸ்கில் நூற்று இருபத்தாறு.

கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, ஆவியாகவும் போகாது. தண்ணீர் குறையக் குறைய அது பாத்திரத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

சமையலறையில் அண்ணியிடம் கேட்டேன். "எவ்ளோ நேரம் காய்ச்சுவீங்க அண்ணி?"

"பாதியா சுண்டுற வரைக்கும்." யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தது என்பதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீ வாயத் திறக்காத. நான் இந்த வீட்லதான் இருந்தாகணும்."

சாயங்காலம் அண்ணன் தொட்டிலை அம்மாவின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். உள்ளே குழந்தை வீறிட்டது. அண்ணி ஓர் அடி எடுத்து வைத்தாள். அம்மா கதவில் கையை நீட்டி மறித்தாள்.

"என்னடி முழிக்கிற?" என்று என் பக்கம் திரும்பினாள். "படிச்சவதானே, உன் அண்ணிக்கு நீயே சொல்லு. காய்ச்சாத தண்ணி விஷமா இல்லையா?"

நான் அண்ணியின் பக்கம் திரும்பாமல் அம்மாவையே பார்த்தேன்.

"காய்ச்சினதாலதாம்மா விஷம் ரெண்டு மடங்காச்சு," என்றேன். "பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சுன்னு சொன்னது நீதான்."