உளுவை காத்த பிள்ளை

அவள் விழுங்கிய உளுவை மீன் சாகவில்லை. சதுப்பில் கைதடவி மீன் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும்; அகப்பட்ட மீனைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் அடுத்த வளைக்குள் கையை விடுவார்கள். நிறைமாதத்தில் வீட்டோடு கிட என்று மாமியார் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் போனவள், வளைக்குள் இருந்த நண்டு விரலைக் கடிக்க, "ஐயோ" என்று வாயைத் திறந்தாள். விரல் நீளத்து உளுவை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. தொண்டையில் சிக்கியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அது சமர்த்தாக இறங்கி, போகக்கூடாத வழியெல்லாம் போய், பிள்ளை இருந்த இடத்தில் குடியேறியது. மருத்துவச்சி வயிற்றில் காதை வைத்தாள். இரண்டு துடிப்பு கேட்டது. அதில் ஒன்று, கடல் தண்ணீர் ஏற ஏற வேகமெடுத்தது. "பயப்படாதம்மா" என்றாள்.

உளுவையின் குணம் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தெரியும். முட்டை பொரிகிறவரை ஆண் மீன் வளைவாயிலேயே நிற்கும். ஒரு தூசியைக்கூட அண்டவிடாது. வலி எடுத்த அன்று அதுதான் நடந்தது. உள்ளே விட்ட விரலை மருத்துவச்சி கடிபட்டு ரத்தத்தோடு வெளியே எடுத்தாள். பொழுது சாய்ந்தது, வலிமேல் வலி வந்தது, பிள்ளை வரவில்லை. புருஷன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தான்.

"என்னைச் சதுப்பு ஓடைக்குத் தூக்கிட்டுப் போங்க. தண்ணி ஏறுறப்ப அது வளையை விட்டு வெளிய வரும்" என்றாள் அவள்.

"பைத்தியமாடி உனக்கு? பிள்ளை பெறுற இடமா அது?" என்றாள் மாமியார்.

"இல்லேன்னா பிள்ளை உள்ளேயே செத்துரும் அத்தை."

மாமியார்தான் முதலில் கட்டில்காலைப் பிடித்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் அவளை உட்காரவைத்தார்கள். ஓடையில் கடலேற்றம் நிறைந்ததும் உளுவை வெளியே வந்தது. பின்னாலேயே பெண் குழந்தை வீறிட்டுக்கொண்டு வந்தது. உளுவை ஓடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிற்றடியில் இருக்கும் ஒட்டுத் துடுப்பால் குழந்தையின் தோளைப் பற்றிக்கொண்டது. மருத்துவச்சி அதைப் பிய்த்தெடுத்தாள். குழந்தை நீலம் பாரித்து மூச்சை நிறுத்தியது. பதறிப்போய்த் திரும்ப வைத்தார்கள்; அழுகை வந்தது. அதற்குமேல் யாரும் அதில் கைவைக்கவில்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தையல்காரர் அவள் சட்டைத் தோளை ஒரு விரற்கடை தளர்த்தித் தைக்கிறார். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் அவ்வப்போது மீன்மேல் தண்ணீர் தெளித்துவிடுகிறாள். உளுவைக்கு ஆயுசு மிஞ்சினால் நாலு வருஷம். இது அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது. தாய்க்காரி இதை யாரிடமும் சொல்வதில்லை. விடிந்ததும் முதலில் மீனின் செவுள் அசைகிறதா என்று பார்க்கிறாள். அப்புறம்தான் மகளை எழுப்புகிறாள்.