பஞ்சு வைத்த கூரை

என் கணவர் தண்ணீர் பம்பு பழுதுபார்ப்பவர். ஆனால் கையில் ஒரு ட்ரில்லிங் மெஷின் கிடைத்துவிட்டால் தன்னைப் பெரிய இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்வார். போன தடவை அவர் மாட்டிய அலமாரி மூன்றாம் நாள் என் தலைமேலேயே இறங்கியது. அதனால் தோட்டத்துக் கோடியில் தன் கையாலேயே எனக்கு ஓர் அறை கட்டித்தரப் போவதாக அவர் சொன்னபோது முதலில் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் அது என் பாட்டுக்கான அறை.

கண் டாக்டரின் கிளினிக்கில் பத்தொன்பது வருடம் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான். காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர் ஊரைவிட்டுப் போய் ஏழு வருடமாகிறது. அதற்குப் பிறகு என் பாட்டைக் கேட்க இருந்தவை இவருடைய காதுகள் மட்டும்தான். பாடி முடித்து அடுப்படிக்குப் போனால், "இன்னிக்கு அசத்திட்ட" என்பார். வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கலாமா, அந்த அளவுக்கு எனக்கு வருகிறதா என்று தயங்கியபோதும் இவரைத்தான் கேட்டேன். உன் குரலுக்கு என்ன குறைச்சல், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர்கள் அதிசயமாக நேராகவே நின்றன. கூரை தட்டையானது, தண்ணீர் வடிய மட்டும் லேசான சரிவு. வெயில் நேராக மண்டையில் இறங்குமே என்று, கூரைப் பலகைக்கு மேல் ஃபோம் அட்டைகளை இடைவெளி விடாமல் பரப்பி, அதன்மேல் தண்ணீர் புகாத ஷீட்டை ஒட்டினோம். ஏணி பிடித்தது நான், திட்டு வாங்கியதும் நான். அன்று மத்தியானம் உள்ளே நின்று பார்த்தேன். வெளியே கொளுத்தியது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து ராக்வூல் கட்டுகள் வந்து இறங்கின. பஞ்சை அழுத்திச் செய்த கனமான பாளங்கள். கூரையின் உள்பக்கம், குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே இவற்றையும் அடைக்க வேண்டுமாம். வெயிலுக்குத்தான் ஃபோம் போட்டாகிவிட்டதே என்று கேட்டேன்.

"மழை பேஞ்சா கூரைல தடதடன்னு அடிக்கும். உன் பாட்டு கெட்டுடக் கூடாதுல்ல" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாளத்தை அறுக்க என் ரொட்டிக் கத்தியை எடுத்துப் போனபோதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அறுத்து அறுத்து மேலே நீட்டினேன். பஞ்சுத்தூள் கழுத்து வழியாக இறங்கி உடம்பெல்லாம் அரித்து எடுத்தது. கூரையில் எட்டு இடைவெளிகள். தெருப் பக்கம் நான்கு, வீட்டுப் பக்கம் நான்கு. வீட்டுப் பக்கத்து நான்கிலும் இரண்டிரண்டு அடுக்காக வைத்து அமுக்கினார். தெருப் பக்கம் வருவதற்குள் பஞ்சு தீர்ந்துபோனது. பஸ் ஹாரன் அடிப்பது தெருப் பக்கம்தானே, இதில் பாதியை எடுத்து அங்கே வைக்கலாமே என்றேன். காற்று வீட்டுப் பக்கமிருந்து வருகிறது, அது இது என்று எதையோ முணுமுணுத்துவிட்டு ஸ்க்ரூ வாங்கக் கிளம்பிவிட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அலமாரி மாட்டியவர்தானே, அளவில் சொதப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் இல்லாத நேரத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் இன்னும் இரண்டு கட்டு கொண்டுவந்து இறக்கினார்.

"சார்கிட்ட சொல்லிடுங்க மேடம், இதை வீட்டுப் பக்கத்துச் சுவருக்கு வெச்சிட்டா போதும். உள்ள யார் எவ்வளவு கத்தினாலும் வீட்டுக்குள்ள பொட்டுச் சத்தம் கேக்காது. பல வருஷமா காலைத் தூக்கமே போச்சுன்னு பாவம், கடைல வந்து பொலம்பினாரு. பையன் ட்ரம்ஸ் வாசிக்கிறானா?"

"ஆமா" என்றேன். எங்களுக்குப் பிள்ளைகளே கிடையாது.

மழையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அத்தனை பஞ்சும் என் வாய்க்குத்தான். அதை நானே அறுத்து நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் வந்ததும் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் கடைக்காரன் உளறுகிறான் என்பார். நானும் அதை நம்பித் தொலைப்பேன். அதனால் எல்லா வேலையும் முடியும்வரை பேசாமல் ஏணி பிடித்தேன்.

முதல் நாள் காலை பாட்டு நோட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பாயை விரித்து உட்கார்ந்தேன். பாடவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. தெருவில் போன பஸ்களின் ஹாரன் மட்டும் நன்றாகக் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வீட்டுக்குள் போனேன். இவர் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு அடுப்படியில் காபி கலக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லையே என்று சொல்லிவிடு, அது போதும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இன்னிக்கு அசத்திட்ட" என்றார். "அதுவும் கடைசில அப்படியே மேல ஏறிப் போச்சு பாரு, அங்க உருகிட்டேன்."

"நான் வாயே தொறக்கல."

கரண்டி பாதியில் நின்றது.

"வேலைய விட்டுட்டு வான்னு சொன்னீங்களே. அன்னிக்கும் இப்படித்தானா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. காபியைப் பார்த்துக்கொண்டே, "உனக்குச் சந்தோஷமா இருந்துச்சே" என்றார்.

இத்தனை வருடமும் என் காதில் பூ சுற்றியிருக்கிறார். நானும் தினமும் காதைக் காட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். திரும்பத் தோட்டத்துக்குப் போய், அறைக் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தேன். முதல் ஸ்வரம் சுருதியில் சேர்ந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. திங்கட்கிழமை நான்கு பிள்ளைகள் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.